அண்ணன் கிளம்பிட்டாராம்

போன வாரம் கலாதேவியைச் சிரித்த முகமாக விட்டுவிட்டு வந்தோம். நம் கண்ணேதான் பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சங்காட் மெலாத்தி என்கிற இந்த ஊர் சுங்காய்ப் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை, நடுவில் நான்கு வரிசை வீடுகள், ஒரு முனியாண்டி கோயில், கூரை இல்லாத ஒரு மண்டபம். இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயல்மழை அந்தக் கூரையைப் பிடுங்கிச் செம்பனைக்குள் எறிந்துவிட்டுப் போனது. அன்று முதல் இந்த ஊரில் கல்யாணம் என்றால் சுங்காயில் வாடகை மண்டபம், சாவு என்றால் ரோட்டில் பிளாஸ்டிக் விரிப்பு.

கலாதேவியின் கணவருக்கு அந்த விரிப்புதான் கிடைத்தது. மழை விடவில்லை. மகன் தனேஸ்வரன் விரிப்பின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பெட்டியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கப் பார்த்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க நின்றான். மண்டபத்தைத் திரும்பக் கட்டுகிற குழுவில் செயலாளராக அவன் நாயாக அலைவது அதனால்தான். செலவில் பாதியை ஊர் திரட்டிக் காட்டினால் மீதியைத் தருகிறேன் என்று ஒய்பி, அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், சொல்லியிருந்தார். அந்தப் பாதிக்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. பீடோரிலிருந்தும் சிலீமிலிருந்தும் கூப்பன் வாங்கியவர்கள் மண்டபத்துக்காக வாங்கியதாகச் சொன்னாலும், உண்மையில் கலாதேவியின் மட்டன் பெரட்டலுக்காகத்தான் வாங்கினார்கள்.

ஆனால் கலாதேவி சிரித்தது மட்டனுக்காக இல்லை. தைப்பிங்கில் இருக்கும் அவள் அண்ணன் பத்துமலை, ஆறு வருஷமாகப் பேசாதவர், தானாகவே போன் போட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழம வாரேன் கலா. விடியக்காலையிலேயே வந்து அண்டா எறக்கித் தாரேன். உன் ஒருத்தியால முடியாதுலா."

அந்தச் சண்டையும் இந்த மண்டபத்தில் பிறந்ததுதான். தனேஸ்வரனுக்கும் ஷர்மினிக்கும் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் தாலி. தைப்பிங்கிலிருந்து வந்த பத்துமலையின் கார் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஐயர் அவசரப்படுத்த, கலாதேவி சரியென்று தலையாட்டிவிட்டாள். வேறு யாரோ ஒரு சொந்தக்காரர் மாலையைப் போட்டார். பத்துமலை வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தபோது தாலி ஏறியிருந்தது. கொண்டுவந்த மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தங்கை கணவரின் சாவுக்கும் வந்தார். மழையில் ஓரமாக நின்றார், ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

அந்த மனிதர்தான் வருகிறேன் என்று சொன்னார். கலாதேவிக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு விடிவதற்குள் அவள் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டப் போய்விட்டாள். போனை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்து வைத்துவிட்டாள். அது அடித்தது. தலையில் துண்டு கட்டியபடி வந்து எடுத்தவள் மருமகள் ஷர்மினி.

ஷர்மினிக்கு வாய் நீளம், மாமியாரை மதிப்பதில்லை என்று எனக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதித் தள்ளும் வாசகிகள் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

பேசியது தைப்பிங் செல்லாயி மாமி, பத்துமலையின் மனைவி.

"கலாவா? ஷர்மினியா? அம்மா, உங்க மாமா போயிட்டாரும்மா. இப்பதான்… சட்டை போட்டுக்கிட்டு நின்னாரு, அப்படியே உக்காந்தாரு. ஆம்புலன்ஸ்காரன் வந்து பார்த்துட்டு இல்லேன்னுட்டான்."

 ஷர்மினி போனைப் பிடித்தபடி செருப்புக்கூட இல்லாமல் மண்டபத்தை நோக்கி ஓடினாள். பாதி வழியில் தனேஸ்வரன் எதிரே வந்தான். நாற்காலிகள் ஏற்றிய லோரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

செய்தியைக் கேட்டதும் அவன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்கு நடந்தவர் அந்த மாமா. அவன் அழுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு செய்ததையும் மறைக்கப் போவதில்லை.

"அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்," என்றான்.

"என்ன பேசுறீங்க? கூடப் பொறந்த அண்ணன்!"

"தெரியும்லா. சொன்னா என்ன ஆகும்? தீட்டு. அம்மா அடுப்படியில நிக்க முடியாது. முனியாண்டிக்குப் படையல் கிடையாது. படையல் போடாத சோத்த இந்த ஊர்ல எவன் தொடுவான்? எல்லாம் ரோசாக் ஆயிடும், கெட்டுப் போயிடும்."

"அதுக்காக?"

"சேதி காதுல விழுந்தாத்தான் தீட்டு. அம்மாவுக்குத் தெரியாது. சமையலுக்கு ஒண்ணும் இல்ல."

"நமக்குத் தெரியுமே?"

"நாம சமைக்கலையே." அவன் எழுந்தான். "பன்னெண்டு மணி வரைக்கும்தான். பந்தி நடந்து ஒய்பி வாயால சொல்லிட்டார்னா போதும். நானே அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். சாயந்திரம்தானே எடுப்பாங்க? முகம் பார்த்துடலாம்."

குழுத் தலைவர் இராமசாமியிடம் மட்டும் சொன்னான். அவர் வெற்றிலைப் பையை மூடினார். "பாவம், நல்ல மனுசன்," என்றார். பிறகு, "ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாதுப்பா," என்றார்.

கலாதேவியின் போனைத் தனேஸ்வரன் தன் பையில் போட்டுக்கொண்டான். ஃபேஸ்புக் லைவுக்கு இந்தப் போன்தான் நன்றாக எடுக்கிறது என்று அம்மாவிடம் ஒரு கதை. அவளும் நம்பினாள். பெற்ற பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

ஐந்து அடுப்புகள் எரிந்தன. பெண்கள் வெங்காயம் உரித்தார்கள், ஆண்கள் தேங்காய் துருவினார்கள், பக்கத்து வீட்டு வீரம்மா எல்லாருக்கும் அதிகாரம் செய்தாள். கலாதேவி அண்டாவுக்கு அண்டா நடந்தாள். நடுவில் ஒரு சின்னச் சட்டியைத் தனி அடுப்பில் ஏற்றினாள்.

"அது எதுக்கு அக்கா தனியா?" என்றாள் வீரம்மா.

"அண்ணனுக்கு. நெஞ்செலும்பு. இருதய மாத்திர சாப்பிடுறாரு, உறைப்பு ஆகாது."

கூப்பன் எண்ணிக்கொண்டிருந்த ஷர்மினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு மணி தாண்டியதும் கலாதேவி மகனைக் கூப்பிட்டாள். "விடியக்காலைல வாரேன்னாரு, இன்னும் காணோமே. போன் போட்டுக் கேளுடா. கிளம்பிட்டாரா?"

தனேஸ்வரன் இரண்டடி தள்ளிப் போய், போனைக் காதில் வைத்து, உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"கிளம்பிட்டாராம்மா."

முதல் பொய்க்கு இரண்டடி தள்ளிப் போக வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு அதுவும் தேவைப்படவில்லை.

ஒன்பது மணிக்குப் படையல். முதல் சட்டிச் சோற்றையும் கறியையும் விருந்தை முன்நின்று நடத்துகிறவன் முனியாண்டிக்குக் கொண்டுபோய் வைத்து, சூடம் காட்ட வேண்டும். அது செயலாளர் தனேஸ்வரன் வேலை. ஷர்மினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேறு யாரையாவது அனுப்புவான் என்று நினைத்தாள். அவன் அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் ஏன் என்று ஊர் கேட்குமே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டியைத் தூக்கினான், சூடம் கொளுத்தினான், விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தரம் கலாதேவி கேட்டாள்.

"எங்க வந்துக்கிட்டிருக்காரு?"

"கோலாகங்சார் தாண்டிட்டாராம்."

"இப்ப?"

"ஈப்போவுல ஜாமாம்மா. ஞாயித்துக்கிழமல்ல."

"இப்ப எங்கடா?"

"கோப்பெங்."

இப்படியாகச் செத்துப்போன மனிதரைத் தனேஸ்வரன் நெடுஞ்சாலையில் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வந்தான். கோப்பெங் என்றதும் கலாதேவி கையைக் கழுவிக்கொண்டு, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, முச்சந்தி தெரிகிற இடத்தில் போய் நின்றாள். அண்ணனிடம் பழைய வெள்ளை வீரா கார். வெள்ளையாக எது திரும்பினாலும் அவள் இரண்டடி முன்னால் வைத்தாள். ஒன்று கூப்பன்காரர்கள். ஒன்று ஐஸ் கொண்டுவந்த வேன்.

ஷர்மினியால் அதைப் பார்க்க முடியவில்லை. மேடை ஓரத்தில் கணவனைப் பிடித்தாள்.

"போதும். இப்பவே சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"ஒய்பி வந்துக்கிட்டிருக்காரு ஷர்மி. அவர் ஆளு போன் பண்ணினான்."

"அவரும் கோப்பெங்லதான் இருக்காரா?"

அவன் அடிபட்டவனாக அவளைப் பார்த்தான். "நான் எனக்காகவா செய்யறேன்? எங்கப்பா பொட்டிக்குள்ள தண்ணி போச்சு. உனக்குத் தெரியும். இன்னொருத்தர அப்படிப் போட விட மாட்டேன்."

அதில் பொய் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவன் என்றால் ஷர்மினி ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள்.

பந்தி ஆரம்பித்தது. கூடாரம் நிறைந்தது. இலைக்கு இலை பெரட்டல் போகப் போக, "கலாக்கா கை மணம் யாருக்கு வரும்" என்று பேச்சு. தாப்பாவ் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் தனி வரிசை. ஒய்பிக்குப் போட்ட சோபா மட்டும் காலியாக இருந்தது. தைப்பிங்கில் மூன்று மணிக்கு எடுப்பதாகவும், நாலு மணிக்கு மின்சுடலையில் நேரம் கிடைத்திருப்பதாகவும், அதை விட்டால் செவ்வாய்க்கிழமைதான் என்றும் செல்லாயி மாமி ஷர்மினிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். சாயந்திரம் என்று தனேஸ்வரன் கணக்குப் போட்டது தப்பாகிவிட்டது.

அவள் அதைக் காட்டினாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பத்து நிமிசம்," என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கலாதேவி வந்தாள். முகத்தில் இப்போது சந்தோஷம் இல்லை.

"கோப்பெங்லேர்ந்து இங்க வர இவ்வளவு நேரமா? என்னடா சொல்றாரு உங்க மாமா? போனக் குடு, நானே பேசறேன்."

தனேஸ்வரன் போனைக் கொடுக்க முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னான்.

"தாப்பா கிட்ட கார் ரோசாக் ஆயிடுச்சாம்மா. ரோட்டோரமா நிக்கிறாராம். மெக்கானிக் வாரான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கல்யாணத்தன்று வந்ததும் இதே செய்தி.

 கலாதேவி அடுப்படிக்குப் போனாள். தூக்குச் சட்டியை எடுத்தாள். கீழ்த்தட்டில் நெஞ்செலும்பு, மேல்தட்டில் சோறு வைத்தாள். சோற்றில் குழம்பை விட்டுக் கையாலேயே பிசைந்து, ஒரு வாய் எடுத்துப் பார்த்துத் தலையாட்டினாள், மேலே அப்பளத்தை உடைத்து வைத்தாள். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அன்னிக்கும் இதேதான்டா. கார் நின்னு போச்சுன்னாங்க. நான் காத்திருக்கல. எங்க அண்ணன நடுரோட்டுல விட்டுட்டு உனக்குத் தாலி எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு நானே போய் கூட்டிட்டு வாரேன். தாப்பா என்ன, அரை மணி நேரம்."

"அம்மா, ஒய்பி வர நேரம்…"

"சோறு ஆக்கியாச்சு. ஒய்பிக்கு ஊட்டியா விடணும்?"

தூரத்தில் வீரம்மா தன் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். பிறகு கலாதேவி இருக்கும் பக்கம் திரும்பினாள். ஷர்மினிக்குப் புரிந்துவிட்டது. தைப்பிங்கிலிருந்து படம் போட்ட சாவு அறிவிப்பு ஊர் முழுக்க வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் நடுப்பந்தலில், கறி இலைகளுக்கு நடுவில், மாமியார் இதைக் கேட்பாள்.

கணவனின் சட்டைப் பையிலிருந்து மைவி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை. வாங்க, மாமாவப் பார்க்கப் போலாம்."

"நீயா ஓட்டப் போற?" கலாதேவிக்குச் சந்தேகம்தான். ஆனால் ஏறி உட்கார்ந்தாள். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுங்காய் டோல் வரை ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் கலாதேவி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் வருகிற கார்களையும், ஓரமாக நிற்கிற கார்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெதுவாப் போம்மா. வெள்ளை வீரா. பின்னாடி முருகன் படம் ஒட்டியிருக்கும்."

"சரி, அத்தை."

பீடோர் போனது. ஓரத்தில் ஒரு லோரி டயர் மாற்றிக்கொண்டிருந்தது. கலாதேவி அதையும் எட்டிப் பார்த்தாள்.

"பசி தாங்க மாட்டாரு. சின்னதுலேர்ந்து அப்படி. தோட்டத்துல மரம் சீவிட்டு வந்தா, ஒல கொதிக்கறதுக்குள்ள சட்டியத் தூக்கிப் பார்ப்பாரு. அம்மா அகப்பையால போடும்." அவள் சிரித்தாள். "ஆறு வருசம் ஷர்மினி. எனக்கு ரோசம், அவருக்கு ரோசம். என்ன கண்டோம்?"

 வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று ஷர்மினிக்குத் தெரியும்.

தாப்பாவுக்குத் திரும்புகிற பலகை வந்தது. கார் வேகம் குறையவில்லை. பலகை பின்னால் போனது.

"ஷர்மினி, தாப்பா தாண்டிருச்சு."

கார் ஓடிக்கொண்டிருந்தது.

"தாப்பா தாண்டிருச்சும்மா."

ஷர்மினியின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை. கலாதேவி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மடியில் இருந்த தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?" என்றாள்.

"காலைல, அத்தை."

"சமைக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"தனேஸுக்குத் தெரியுமா?"

"தெரியும், அத்தை."

"தெரிஞ்சுமா முனியாண்டிக்குச் சூடம் காட்டினான்?"

ஷர்மினி தலையை மட்டும் அசைத்தாள்.

கலாதேவி வெகு நேரம் அழவில்லை. அதுதான் ஷர்மினிக்குப் பயமாக இருந்தது. கோப்பெங் பலகையைப் பார்த்ததும் உடைந்தாள். அந்த ஊர்ப் பெயரை மகன் வாயால் கேட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மார்பில் அடித்துக்கொண்டாள்.

"தெரியாமச் செஞ்ச எனக்குத் தீட்டு இல்ல. சாமி எனக்குப் பொறுத்துக்கும். ஆனா எங்க அண்ணன உசுரோட ரோட்டுல ஓட்டிக் காட்டினானே, பாவி! நான் மொளகா கம்மியாப் போட்டேன். வாசலப் பார்த்துக்கிட்டு நின்னேன். என்னைய என்னான்னு நெனச்சான் அவன்?"

"நானும்தான் அத்தை. எனக்கும் தெரியும். நானும் வாயத் தெறக்கல."

 கலாதேவி அவளை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

ஈப்போ தாண்டியதும் ஷர்மினியின் போன் அடித்தது. செல்லாயி மாமி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா இருக்கீங்க? மூணு மணிக்கு எடுத்தாகணும். தனேஸ் ஓட்டறானா?"

"இல்ல மாமி. நான்தான் ஓட்டறேன். அத்தை பக்கத்துல இருக்காங்க."

அந்தப் பக்கம் குரல் மாறியது. "அப்ப தனேஸு? எனக்குப் புள்ள இல்லன்னு தெரியுமே கலா. கொள்ளி போட மருமகன் கைதானே? உங்க அண்ணன் வாய் விட்டுச் சொன்ன வார்த்தை அது. 'நமக்கு என்னடி கவல, தனேஸ் இருக்கான்.'"

 ஷர்மினி மாமியாரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

"வருவான் அண்ணி," என்றாள் கலாதேவி. "நான் வரச் சொல்றேன்." போன் அணைந்த பிறகு மருமகளிடம் சொன்னாள்: "அவனுக்குச் சேதி போடு. வந்து கொள்ளிய வைக்கட்டும். என் மொகத்துல முழிக்காமப் போயிடட்டும்."

ஷர்மினி காரை ஓரமாக நிறுத்தி, இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினாள். மாமா உங்களை நம்பித்தான் போயிருக்கிறார், உடனே கிளம்புங்கள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. பத்துமலையைத் தாமான் மண்டபத்தில், அந்தக் குடியிருப்பின் பொது மண்டபத்தில், கிடத்தியிருந்தார்கள். கூரைமேல் மழை தடதடவென்று அடித்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. கலாதேவி ஒரு நொடி மேலே பார்த்தாள். தன் மகன் பிளாஸ்டிக் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கும் ஞாபகம் வராமல் இருக்குமா? வந்தது. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை, கனமாக்கியது.

தூக்குச் சட்டியைக் கார் இருக்கையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாவு வீட்டுக்குள் கறி கொண்டுபோகக் கூடாது. ஆனால் கையில் வாசம் இருந்தது. வாய்க்கரிசி போட அரிசியை எடுத்தபோது அவளுக்கே அந்த வாசம் அடித்தது. நெஞ்செலும்புக் குழம்பு விட்டுப் பிசைந்த கை.

"சாப்பிடுண்ணே," என்றாள். "உறைப்பு கம்மியாத்தான் போட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். செல்லாயி மாமி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"கிளம்பித்தான் நின்னாரு கலா. சட்டைய அவரே போட்டாரு, நாங்க மாத்தல. கார் சாவியத் தேடிக்கிட்டிருந்தாரு." பிறகு ஷர்மினியின் கையைப் பிடித்தாள். "உனக்கும் தனேஸுக்கும் போடணும்னு நேத்தே மாலை வாங்கி வீட்டு ஐஸ்பெட்டில வச்சிருந்தாரும்மா. அன்னிக்குப் போடாத மாலை. இன்னிக்கு அந்த ஊர் முன்னாடி போடறேன்னாரு."

 

மூன்று மணி தாண்டிவிட்டது. காரியம் செய்கிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொள்ளி போடற மருமகன் எங்கம்மா? சுடலைக்காரன் காத்திருக்க மாட்டான். ஆள் வருதுன்னு உறுதியாச் சொன்னா மழையச் சாக்கு வச்சுக் கொஞ்ச நேரம் இழுக்கலாம். இல்லேன்னா வேற ஆளப் பார்க்கணும்."

ஷர்மினி மண்டப ஓரத்துக்குப் போய் தனேஸ்வரனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"கிளம்பிட்டேன் ஷர்மி. வந்துக்கிட்டேதான் இருக்கேன். பிடிச்சு வை."

அவன் குரலுக்குப் பின்னால் கைத்தட்டல் கேட்டது. அதற்குப் பின்னால் மைக்கில் இராமசாமியின் குரல், மாண்புமிகு ஒய்பி அவர்களே வருக வருக என்று. பிறகு யாரோ தனேஸ்வரனைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்தது.

அவள் திரும்பினாள். காரியக்காரர் பார்த்தார். செல்லாயி மாமி பார்த்தாள். பெட்டி தூக்கக் காத்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் வேறு யாரோ ஒருவர் கொள்ளி வைப்பார். அன்று வேறு யாரோ ஒருவர் மாலை போட்டது போல.

கலாதேவி அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கிளம்பிட்டானா?"

வெளியே மழை விட ஆரம்பித்திருந்தது.

"கிளம்பிட்டாராம், அத்தை," என்றாள் ஷர்மினி.

கலாதேவி மெல்லத் திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.